கல்லாப்பெட்டியை விற்கத் தெரிந்தவர்: சிறைத் தண்டனை முதல் வெள்ள மீட்பு வரை... யார் இந்த ஜான் பேட்டர்சன்?

தெருமுனை மளிகைக் கடைக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். நாலு கிளை வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்கு இன்னொன்று. பெரிய தொழிற்சாலைக்கு ஸ்டாக், சம்பளம், வரி எல்லாம் சேர்ந்த பெரிய பேக்கேஜ். கம்பெனியின் அளவுக்குத் தகுந்த மாதிரி பிளான், அதற்குத் தகுந்த விலை, தவணை வசதி, நேரில் வந்து டெமோ காட்டும் சேல்ஸ் பிரதிநிதி. இன்றைக்கு இதெல்லாம் ரொம்ப சாதாரணம்.

இந்த விற்பனை முறையின் பெரும்பகுதி கம்ப்யூட்டர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே உருவாகிவிட்டது. உருவாக்கியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜான் ஹென்றி பேட்டர்சன். அவர் விற்ற பொருள், கேஷ் ரிஜிஸ்டர் என்னும் கல்லா மெஷின்.

வியாபாரத்தை நிர்வகிக்க ஒரு மெஷின் வேண்டும் என்று லட்சக்கணக்கான கடைக்காரர்களை நம்பவைத்தவர் இவர். தொழிலாளர் நலனுக்காகப் பாராட்டப்பட்டவரும் இவர்தான், போட்டியாளர்களை ஒழித்துக்கட்டியதற்காக ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றவரும் இவர்தான். யார் இந்த பேட்டர்சன்? விரிவாகப் பார்க்கலாம்.

கால்வாயில் சுங்கம் வசூலித்தவர்

1844 டிசம்பர் 13-ம் தேதி ஒஹாயோவின் டேட்டன் நகரை ஒட்டிய குடும்பப் பண்ணையில் பிறந்தார் பேட்டர்சன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையில் சில மாதங்கள் பணியாற்றினார். பிறகு டார்ட்மவுத் கல்லூரியில் படித்து 1867-ல் பட்டம் பெற்றார்.

பட்டம் கையில் இருந்தாலும் பெரிய வேலை எதுவும் வரவில்லை. டேட்டன் வழியாக ஓடிய மயாமி - ஈரி கால்வாயில் படகுகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் வேலைதான் கிடைத்தது. படகு எந்த நேரத்தில் வந்தாலும் எழுந்து போய் வசூலிக்க வேண்டும். கிடைத்த இடைவெளியில் நிலக்கரி விற்க ஆரம்பித்தார்.

அந்தச் சின்ன வியாபாரம் மெல்ல வளர்ந்தது. சகோதரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த கட்டமாக, தெற்கு ஒஹாயோவின் கோல்ட்டன் என்ற சுரங்க ஊரில் நிலக்கரித் தொழிலோடு சேர்த்து ஒரு கடையையும் நடத்தினார்கள். சுரங்கத் தொழிலாளிகள் அரிசி, மாவு, துணி, கருவி எல்லாம் வாங்கும் கடை அது.

நல்லா ஓடிய கடையில் எப்படி நஷ்டம்?

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சரக்கும் நல்ல லாபம் வைத்துத்தான் விற்றது. ஆனால் வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நஷ்டம்.

காரணம் என்னவென்றால், கடையில் நின்றவர்கள் வேண்டியவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். சில விற்பனைகள் கணக்கிலேயே ஏறவில்லை. கடனுக்குக் கொடுத்ததை எழுத மறந்தார்கள். கல்லா என்பது அன்று ஒரு மர டிராயர், அவ்வளவுதான். யார் எவ்வளவு போட்டார்கள், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று சொல்ல அதனால் முடியாது.

முதலாளி கடையில் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. பேட்டர்சன் சகோதரர்கள் பெரும்பாலும் வேறு ஊரில்தான் இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டேட்டனில் யாரோ ஒருவர் விற்பனையைப் பதிவு செய்யும் மெஷின் செய்கிறார் என்ற செய்தி பேட்டர்சனுக்கு எட்டியது. மெஷினை நேரில் பார்க்காமலேயே ஆர்டர் கொடுத்து வரவழைத்தார். ஆறே மாதத்தில் கடை நஷ்டத்திலிருந்து லாபத்துக்குத் திரும்பியது.

கண்டுபிடித்தது வேறொருவர்

கேஷ் ரிஜிஸ்டரைக் கண்டுபிடித்தது பேட்டர்சன் இல்லை. அதே டேட்டனில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர்தான் அதைச் செய்தவர். அவருக்கும் இதே பிரச்னை. கடை நிறைய கூட்டம், ஆனால் கையில் காசு நிற்கவில்லை.

1878-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, கப்பலின் உந்துவிசிறி எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணும் கருவியை ரிட்டி கவனித்தார். விசிறியின் சுற்றை எண்ண முடியும் என்றால் கல்லாவில் விழும் காசை ஏன் எண்ண முடியாது என்பதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. ஊர் திரும்பியதும் சகோதரர் ஜானுடன் சேர்ந்து மெஷின் செய்தார். 1879-ல் காப்புரிமையும் கிடைத்தது.

மெஷின் வேலை செய்தது. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. மதுக்கடையையும் மெஷின் தொழிலையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் ரிட்டி அதை விற்றுவிட்டு ஒதுங்கினார். அடுத்து வாங்கியவர்களும் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை.

அமெரிக்கா முழுக்க மொத்தமாக விற்றதே கொஞ்சம் மெஷின்கள்தான். அதில் சிலவற்றை வாங்கிய ஒருவர்தான் பேட்டர்சன். அந்த மெஷினின் அருமை தெரிந்த வெகு சிலரில் அவரும் ஒருவர்.

வாங்கிய மறுநாளே திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்

1884-ல் நிலக்கரித் தொழிலைவிட்டு வெளியே வந்த பேட்டர்சன், மெஷின் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை 6,500 டாலருக்கு வாங்கினார். விஷயம் டேட்டனில் பரவியதும் ஊர் சிரித்தது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியை ஒரு புத்திசாலி வாங்குவானா என்று நண்பர்களே கேலி செய்தார்கள்.

பேட்டர்சனுக்கே பயம் வந்துவிட்டது. மறுநாள் விற்றவரிடம் போய், ஒப்பந்தத்தை ரத்து செய்தால் 2,000 டாலர் தருகிறேன் என்றார். விற்றவர் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கம்பெனியை நடத்த வேண்டிய கட்டாயம்.

கம்பெனிக்கு நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்று பெயர் வைத்தார். சுருக்கமாக என்.சி.ஆர். அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் வெறும் 13 பேர்.

முதல் எதிரி யார்?

மெஷினை விற்கப் போன இடத்தில் பேட்டர்சனின் ஆட்களுக்கு முதல் எதிரி கடை முதலாளி அல்ல, கடையில் வேலை பார்த்தவர்கள்தான்.

அவர்கள் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இந்த மெஷின் கடைக்கு வருகிறது என்றாலே, நீ திருடன் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்கிற மாதிரி. நேர்மையாக வேலை செய்தவர்களுக்கும் அது அவமானம்தான். அதனால் என்.சி.ஆர். பெயர் போட்ட கடிதம் வந்தால் முதலாளி கைக்குப் போகாமலேயே குப்பைக்குப் போனது. சேல்ஸ்மேன் வந்தால் வாசலிலேயே விரட்டினார்கள்.

பேட்டர்சன் இதற்குச் சில வழிகளைக் கண்டுபிடித்தார். கம்பெனிப் பெயர் இல்லாத சாதாரண உறையில் கடிதம் அனுப்பச் சொன்னார். ஒரே கடிதத்தோடு நிறுத்தவில்லை. வாங்க வாய்ப்புள்ள கடைக்காரர்களைப் பட்டியலிட்டு, அவர்களுக்கு நாள் தவறாமல் தொடர்ச்சியாகத் துண்டுப் பிரசுரங்கள் போய்க்கொண்டே இருந்தன. இன்றைக்கு நம் போனில் விடாமல் வந்து விழும் விளம்பர மெசேஜ்களின் தாத்தா என்றே இதைச் சொல்லலாம்.

அடுத்தது, டெமோவைக் கடையில் காட்டக் கூடாது என்பது. ஊரில் ஒரு ஹோட்டல் அறையை வாடகைக்கு எடுத்து, அங்கே மெஷின்களை வரிசையாக அடுக்கிவைத்து, முதலாளியை மட்டும் தனியாக அழைத்து வருவார்கள். வேலையாட்கள் பார்வை இல்லை, வாடிக்கையாளர் தொந்தரவு இல்லை. முதலாளியின் முழுக் கவனமும் மெஷின் மேல்தான்.

வேலையாட்களைச் சமாதானப்படுத்தவும் ஒரு வாதம் தயாரானது. கல்லாவில் காசு குறைந்தால் நேர்மையான ஊழியர்மேலும் சந்தேகம் விழுகிறது, மெஷின் இருந்தால் அந்தப் பழி அவரைத் தொடாது என்பதுதான் அது. திருடனைப் பிடிக்கும் மெஷின் என்ற பெயரை, நல்லவரைக் காப்பாற்றும் மெஷின் என்று மாற்றப் பார்த்தார்கள்.

சின்னக் கடைக்கு ஒன்று, பெரிய கடைக்கு ஒன்று

எல்லாக் கடைக்கும் ஒரே மெஷின் பொருந்தாது என்பதை பேட்டர்சன் சீக்கிரமே புரிந்துகொண்டார்.

ஒற்றை ஆள் நடத்தும் பெட்டிக்கடை மாதிரியான கடைக்கு, ஒரே டிராயர், சில பட்டன்கள் உள்ள சின்ன மெஷின் போதும். விற்றது எவ்வளவு என்று வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மணி அடிக்க வேண்டும், இரவில் மொத்தம் தெரிய வேண்டும். அவருக்குத் தேவை அவ்வளவுதான்.

நாலைந்து பேர் வேலை பார்க்கும் கடையில் கதையே வேறு. ஒரே டிராயரில் எல்லோரும் கைவைத்தால், காசு குறைந்தபோது யாரைக் கேட்பது? அதனால் ஒவ்வொரு ஊழியருக்கும் தனி டிராயர், தனிக் குறியெழுத்து கொண்ட பெரிய மெஷின்கள் வந்தன. யார் எவ்வளவு விற்றார், ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டின.

பல மாடிகள் கொண்ட டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் தலைவலி கடன் விற்பனை. ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாமா என்று கேட்க, கீழ்த்தளத்தில் இருக்கும் ஊழியர் கணக்குப் பிரிவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அதற்கு என்.சி.ஆரில் வேலை பார்த்த இளம் இன்ஜினீயர் சார்லஸ் கெட்டரிங் ஒரு தொலைபேசி முறையை உருவாக்கினார். கவுன்டரிலிருந்தே கேட்டு அங்கேயே ஒப்புதல் வாங்கிவிடலாம். இன்று கார்டு தேய்த்ததும் அனுமதி வருகிறதே, அதே தேவைக்கான அன்றைய பதில் இது.

கையால் சுழற்றும் மெஷினுக்கு 1906-ல் மின் மோட்டார் பொருத்தியவரும் இதே கெட்டரிங்தான்.

மொத்தப் பணத்தையும் கட்ட முடியாத சின்னக் கடைக்காரர்களுக்குத் தவணை வசதி உண்டு. பழைய மெஷினைக் கொடுத்துவிட்டு விலையில் கழித்துக்கொள்ளவும் செய்யலாம். கடை வளர்ந்தால் பெரிய மெஷினுக்கு மாறலாம். சின்னக் கடைக்காரர் இன்றைக்குச் சின்ன வியாபாரம், நாளைக்குப் பெரிய வியாபாரம் என்ற கணக்குத்தான் இதற்குப் பின்னால் இருந்தது.

மனப்பாடம் செய்யாவிட்டால் வேலை இல்லை

மாடல்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை விற்கும் ஆட்கள் சரியில்லை என்றால் பயன் இல்லை. பேட்டர்சன் உலக வணிகத்தில் பதித்த தடம் இந்த இடத்தில்தான்.

கம்பெனியில் அதிகம் விற்றவர் அவருடைய மைத்துனர் ஜோசப் கிரேன். அவர் எப்படி விற்கிறார் என்று கேட்டபோது, ஒவ்வொரு கடைக்காரரிடமும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுகிறார் என்று தெரிந்தது. பேட்டர்சன் அந்தப் பேச்சை அப்படியே எழுதவைத்து, 1887-ல் சின்னப் புத்தகமாக அச்சிட்டு எல்லா சேல்ஸ்மேன்களுக்கும் கொடுத்தார்.

படித்தால் மட்டும் போதாது. வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். பல சேல்ஸ்மேன்கள் இதை அவமானமாக நினைத்தார்கள். விற்பனை என்பது பிறவித் திறமை, அதைப் பாடமாகப் படிப்பதா என்று முறைத்தார்கள். ஒப்பிக்கத் தெரியாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார் பேட்டர்சன். விற்பனை எண்ணிக்கை கூடியதும் எதிர்ப்பு அடங்கியது.

அந்தப் பாடத்தில் நான்கு படிகள் இருந்தன. முதலில் அணுகுவது, பிறகு யோசனையை முன்வைப்பது, அடுத்து செய்து காட்டுவது, கடைசியில் ஆர்டரை முடிப்பது. இதில் முதல் படிதான் கவனிக்க வேண்டியது. அங்கே மெஷினைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. கடைக்காரரின் வியாபாரம் எப்படிப் போகிறது, காசு எங்கே ஒழுகுகிறது, கடன் எப்படி எழுதப்படுகிறது என்றுதான் பேச வேண்டும். நஷ்டம் எங்கே என்று கடைக்காரர் வாயாலேயே வந்த பிறகுதான் மெஷின் பக்கம் போக வேண்டும்.

1890-களின் நடுவில் தன் குடும்பப் பண்ணையிலேயே விற்பனைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு கம்பெனி தன் சேல்ஸ்மேன்களுக்காக முறையாக நடத்திய முதல் பள்ளிகளில் ஒன்று அது. மேடையில் ஒரு பொய்க் கடை, ஒருவர் கடைக்காரராக நடிக்க, இன்னொருவர் விற்றுக் காட்ட வேண்டும். பெரிய காகித அட்டைகளில் படம் வரைந்து பாடம் எடுப்பதில் பேட்டர்சனுக்குத் தனிப் பிரியம். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் மனதில் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை.

ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு பகுதி. அந்தப் பகுதியில் யார் விற்றாலும் கமிஷன் அவருக்குத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் இலக்கு உண்டு. இலக்கை எட்டியவர்கள் ‘நூறு புள்ளி கிளப்’பில் சேர்ந்து டேட்டனுக்கு விருந்தாளியாக வரலாம். டெரிட்டரி, டார்கெட், இன்சென்டிவ் என்று இன்று எல்லா சேல்ஸ் ஆபீஸிலும் கேட்கும் சொற்களுக்கு இங்கேதான் முறையான வடிவம் கிடைத்தது.

பலன்? 1911-ல் என்.சி.ஆர். விற்ற மெஷின்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது.

மெஷினுக்குள் ஆசிட்

1894-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய சரக்கு திரும்பி வந்தது. 50,000 டாலர் மதிப்புள்ள மெஷின்கள். எதுவும் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே ஆசிட் ஊற்றப்பட்டிருந்தது. ஊற்றியது சொந்தத் தொழிற்சாலை ஆட்கள்தான்.

பேட்டர்சன் தன் மேஜையைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். அங்கே அவர் பார்த்தது இருட்டு, அழுக்கு, குறைந்த கூலி. இப்படி ஒரு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் கம்பெனிமேல் அக்கறை வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்று அவருக்கே புரிந்தது.

ஒருநாள் ஒரு பெண் தொழிலாளி சூடேற்றும் குழாயின் மேல் ஒரு பாத்திரத்தை வைத்திருந்தார். பசை காய்ச்சுகிறார் என்று நினைத்தார் பேட்டர்சன். மதியம் குடிக்க வைத்திருந்த காபி அது. அதன்பிறகு தொழிலாளிகளுக்குச் சூடான சாப்பாடு வந்தது.

சுவர்களில் பெரும்பகுதி கண்ணாடியாலான புதிய கட்டிடங்கள் எழுந்தன. குளியல் அறை, மருத்துவ வசதி, நூலகம், இரவு வகுப்பு, சுற்றிலும் தோட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்துத் தெருப் பையன்கள் தொழிற்சாலையின் ஜன்னலில் கல் எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நிலம் கொடுத்துக் காய்கறி போடக் கற்றுக்கொடுத்தார். டேட்டன் தொழிற்சாலையைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இது தர்மம் இல்லை, லாபத்துக்கான வழி என்பதை பேட்டர்சன் மறைத்ததே இல்லை. எல்லாத் தொழிலாளிகளும் இதில் திருப்தி அடைந்துவிடவும் இல்லை. 1901-ல் தொழிற்சங்கத்தோடு மோதல் வந்து தொழிற்சாலை சில காலம் மூடப்பட்டது. தோட்டமும் நூலகமும் கொடுத்த முதலாளி, தன் அதிகாரத்தில் யாரும் பங்கு கேட்பதை மட்டும் ஏற்கவில்லை.

போட்டியாளர்களுக்கு ஒரு ‘கல்லறை’

என்.சி.ஆரின் இன்னொரு முகம் இதைவிடக் கடுமையானது.

1910-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேஷ் ரிஜிஸ்டர் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் என்.சி.ஆர். கையில் இருந்தது. அது நல்ல மெஷினாலும் நல்ல சேல்ஸ்மேனாலும் மட்டும் வந்தது இல்லை.

போட்டிக் கம்பெனி ஒன்று புது மாடல் கொண்டுவந்தால், அதே மாதிரி தோற்றத்தில் மட்டமான மெஷினைச் செய்து மலிவு விலையில் விட்டார்கள். அவர்களிடம் ஆர்டர் கொடுத்த கடைக்காரர்களிடம் போய் அதை ரத்து செய்யவைத்தார்கள். காப்புரிமை வழக்குகளால் சின்னக் கம்பெனிகளை மூச்சுத் திணற வைத்தார்கள். தோற்றுப்போன கம்பெனிகளின் மெஷின்களை டேட்டனில் ஒரு அறையில் குவித்துவைத்து, கம்பெனியை விற்க வந்தவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டினார்கள். எதிர்த்தால் உங்கள் கதியும் இதுதான் என்பது அதன் அர்த்தம்.

பழைய மெஷின்களை வாங்கி விற்கும் சின்ன வியாபாரிகளும் தப்பவில்லை. 1903-ல் தாமஸ் வாட்சன் என்ற இளம் சேல்ஸ்மேனை அழைத்து, கம்பெனியைவிட்டு வெளியேறிய மாதிரி காட்டிக்கொண்டு செகண்ட் ஹேண்ட் கடை தொடங்கச் சொன்னார்கள். பணம் ரகசியமாக என்.சி.ஆரிலிருந்து போனது. லாபத்தைப் பற்றிக் கவலை இல்லாததால், வாட்சன் கூடுதல் விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றார். பக்கத்தில் இருந்த உண்மையான வியாபாரிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவராகக் கடையை விற்றுவிட்டுப் போனார்கள்.

1890-ல் வந்த ஷெர்மன் சட்டம், வியாபாரத்தில் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம். அதன்கீழ் 1912-ல் பேட்டர்சன், வாட்சன் உள்பட உயர் அதிகாரிகள் பலர்மீது அமெரிக்க அரசு குற்றவியல் வழக்கு தொடர்ந்தது. சின்சினாட்டியில் விசாரணை நடந்தது. 1913 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பேட்டர்சன் குற்றவாளி, ஓராண்டு சிறை, 5,000 டாலர் அபராதம்.

பெரிய கம்பெனி முதலாளிகளுக்குச் சிறை என்பது அன்றைய அமெரிக்காவில் கேள்விப்படாத விஷயம். பேட்டர்சன் மேல்முறையீடு செய்தார்.

ஆறே வாரத்தில் வந்த வெள்ளம்

தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. 1913 மார்ச் கடைசியில் ஒஹாயோவில் விடாத மழை. மார்ச் 25-ம் தேதி கிரேட் மயாமி ஆற்றின் கரைகள் உடைந்தன. டேட்டன் நகரின் நடுப்பகுதியை வெள்ளம் மூழ்கடித்தது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றார்கள். எரிவாயுக் குழாய்கள் உடைந்து சில இடங்களில் தீயும் பிடித்தது.

என்.சி.ஆர். தொழிற்சாலை மேட்டு நிலத்தில் இருந்தது. நிலைமை மோசமாகப் போகிறது என்று கணித்த பேட்டர்சன், கல்லா மெஷின் தயாரிப்பை நிறுத்தினார். மரவேலைப் பிரிவு தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளைச் செய்யத் தொடங்கியது. ஏறக்குறைய 300 படகுகள் தயாராகின. அவற்றை ஓட்டிக்கொண்டு போய் மக்களை மீட்டவர்களும் என்.சி.ஆர். ஊழியர்கள்தான்.

தொழிற்சாலை ஒரே நாளில் முகாமாக மாறியது. அங்கேயே சமையல், அங்கேயே மருத்துவமனை, அங்கேயே படுக்கை. நியூயார்க்கில் இருந்த வாட்சன் அங்கிருந்து நிவாரணப் பொருட்களை ரயிலில் அனுப்பினார். மாநில ஆளுநர் ஜேம்ஸ் காக்ஸ், நகரின் நிவாரணப் பொறுப்பை பேட்டர்சனிடமே ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 68.

டேட்டனிலும் சுற்றுப்பகுதியிலும் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகுகள் இல்லாமல் போயிருந்தால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

சிறைக்குப் போக வேண்டியவர், சில நாட்களில் நாடறிந்த நாயகன் ஆகிவிட்டார். அவருக்கு மன்னிப்பு வழங்க வேண்டும் என்று அதிபர் வுட்ரோ வில்சனுக்குக் கடிதங்கள் குவிந்தன.

தீர்ப்பு என்ன ஆனது?

1915 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இதற்கும் வெள்ளத்துக்கும் சட்டப்படி தொடர்பு இல்லை. கீழ் நீதிமன்றம் விசாரணையை நடத்திய விதத்தில் இருந்த குறைகள்தான் காரணம். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, அங்கே வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி விசாரணை நடக்காமல், 1916-ல் அரசுக்கும் கம்பெனிக்கும் இடையிலான உடன்பாட்டோடு விவகாரம் முடிந்தது. பேட்டர்சன் ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

அவரால் கடையை இழந்த செகண்ட் ஹேண்ட் வியாபாரிகளுக்கோ, மூடப்பட்ட சின்னக் கம்பெனிகளுக்கோ அந்தத் தீர்ப்பால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு நகரைத் திரும்பக் கட்டுவதிலும் பேட்டர்சன் முன்னால் நின்றார். இனி வெள்ளம் வராமல் தடுக்க மக்களிடம் 20 லட்சம் டாலர் திரட்டப்பட்டது. அதன் தொடர்ச்சியாக உருவான மயாமி பாதுகாப்பு அமைப்பின் தடுப்பணைகள்தான் டேட்டனை இன்றுவரை காத்து நிற்கின்றன. கட்சி அரசியலை ஒதுக்கிவிட்டு, தொழில்முறை மேலாளர் ஒருவரிடம் நகர நிர்வாகத்தைக் கொடுக்கும் முறையை டேட்டன் ஏற்றதிலும் அவருடைய பங்கு பெரிது.

வேலையைவிட்டுத் தூக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

பேட்டர்சனிடம் வேலை பார்ப்பது சுலபம் இல்லை. அதிகாரிகள் விடியற்காலையில் அவரோடு குதிரைச் சவாரிக்கு வர வேண்டும். என்ன சாப்பிட வேண்டும் என்பதில்கூடத் தலையிடுவார். யாராவது தனக்கு இணையாக வளர்வதாகத் தோன்றினால் பொறுக்க மாட்டார். வேலை போனதை, வெளியே புல்வெளியில் தன் மேஜை எரிவதைப் பார்த்துத்தான் ஒரு அதிகாரி தெரிந்துகொண்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

வாட்சனையும் அனுப்பிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தது, பஞ்ச் கார்டு மெஷின், தராசு, நேரப்பதிவுக் கடிகாரம் எல்லாம் செய்துகொண்டிருந்த சி.டி.ஆர். என்ற கம்பெனியில். பேட்டர்சனிடம் கற்ற பயிற்சிப் பள்ளி, இலக்கு, சாதனையாளர் கிளப் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார். 1924-ல் அந்தக் கம்பெனி ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. போட்டியாளரை ரகசியமாக ஒழிக்கும் பழக்கத்துக்குக் கிடைத்த தண்டனையை மட்டும் வாட்சன் வாழ்நாள் முழுக்க அவமானமாகவே நினைத்தார்.

கெட்டரிங் என்.சி.ஆரைவிட்டு வெளியே போய், கைப்பிடி சுழற்றாமல் காரை ஸ்டார்ட் செய்யும் மின் கருவியை உருவாக்கினார். பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

கடைசி ரயில் பயணம்

பேட்டர்சனின் சொந்த வாழ்க்கையில் துக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. 1888-ல் கேத்தரின் பெக் என்பவரை மணந்தார். ஆறே ஆண்டுகளில் மனைவி இறந்துவிட்டார். மகன் ஃபிரெடெரிக், மகள் டோரதி என்று இரண்டு பிள்ளைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1922 மே 7-ம் தேதி அட்லாண்டிக் சிட்டிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது பேட்டர்சன் இறந்தார். வயது 77. கம்பெனிப் பொறுப்பை மகன் ஏற்றார். டேட்டனின் உட்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று என்.சி.ஆர். எங்கே?

பித்தளையில் பளபளத்த கல்லா மெஷின்கள் இன்று பழம்பொருள் கடைகளில்தான் கிடைக்கின்றன. ஆனால் கம்பெனி நிற்கவில்லை. 1974 ஜூன் 26-ம் தேதி ஒஹாயோவின் ட்ராய் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு ஸ்கேன் செய்யப்பட்டது. உலகில் கடை ஒன்றில் யு.பி.சி. பார்கோடு ஸ்கேன் ஆனது அதுவே முதல்முறை. அந்த கவுன்டரில் இருந்தது என்.சி.ஆர். மெஷின்.

பிறகு ஏ.டி.எம். தயாரிப்பிலும் கடைகளுக்கான சாஃப்ட்வேரிலும் அந்த நிறுவனம் இறங்கியது. நம்ம பக்கத்தில் புதுச்சேரியிலும் அதற்கு ஏ.டி.எம். ஆலை இருந்தது. 2023-ல் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. கடை, ஹோட்டல்களுக்கான சாஃப்ட்வேர் தொழில் என்.சி.ஆர். வாயிக்ஸ் என்ற பெயரிலும், ஏ.டி.எம். தொழில் என்.சி.ஆர். ஆட்லியோஸ் என்ற பெயரிலும் நடக்கின்றன.

கடைக்காரரிடம் முதலில் அவருடைய நஷ்டத்தைப் பற்றிப் பேசு, கடையின் அளவைப் பார்த்துப் பொருளைக் காட்டு, காசு இல்லையென்றால் தவணையில் கொடு, வளர்ந்ததும் பெரியதற்கு மாற்று. பேட்டர்சனின் பள்ளியில் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை, பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருபவர்கள் அவர் பெயரே தெரியாமல் இன்றும் ஒப்பிக்கிறார்கள். ஒரு கம்பெனி எல்லாக் கடையின் கணக்கையும் தன் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று 1912-ல் சின்சினாட்டி நீதிமன்றத்தில் எழுந்த கேள்வியும், பெரிய டெக் நிறுவனங்கள் மீதான வழக்குகளில் அதே ஷெர்மன் சட்டத்தின் பெயரில் இன்றும் கேட்கப்படுகிறது.